ஜன்னலை மறைத்த கொடி

வலது கையை முடித்துவிட்டு இடது கையை எடுத்தபோதுதான் மாமனார் கண்ணைத் திறந்தார். முதலில் நகவெட்டியைப் பார்த்தார், பிறகு மருமகளை.

"இன்டர்வியூவுக்கா அனுப்பப் போறே?"

"நகத்துல மண்ணு மாமா. நர்ஸ் திட்டுறாங்க."

நர்ஸ் ஒன்றும் திட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். மண் அவர் விழுந்த சனிக்கிழமையது. இன்று புதன். இடுப்பெலும்போடு இரண்டு விலா எலும்பும் போயிருந்தன. நேற்றிலிருந்து மூச்சு வேறு ஒழுங்காக வரவில்லை. வார்த்தைகளுக்கு நடுவே நின்று நின்று இழுத்தார்.

"அந்த லிஃப்ட் சத்தம் கேக்குதா? பேரிங் போச்சு. யார்கிட்டயாவது சொல்லிவை."

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். விழுந்த அன்று டாக்டரிடமே, "பன்னெண்டு மாடி உயரத்துல கம்பியைப் பிடிச்சுத் தொங்கினவன் டாக்டர் நான். மூணடி முக்காலியிலேர்ந்து விழுந்தேன்னு வெளியில சொல்லிடாதீங்க, மானம் போயிடும்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். வாசலில் நின்றிருந்த அவள் சிரிக்கவில்லை.

சுண்டுவிரலுக்கு வந்தபோது அவர் கேட்டார். "கொடியை வெட்டிட்டியா?"

"இல்ல மாமா."

"இப்ப வேணாம். பூ நேரம். குளிர் வந்து இலையெல்லாம் கொட்டட்டும். அப்பத்தான் எந்தக் கிளை எங்க போகுதுன்னு கண்ணுக்குத் தெரியும்."

அவள் நகவெட்டியை மடியில் வைத்தாள். நான்கு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டை வரை வந்தது.

"மாமா, அன்னிக்கு நான்..."

"கட்டைவிரல் இருக்கு பாரு" என்று அவர் கையைத் திருப்பி நீட்டினார். அதற்கு மேல் அவளைப் பேச விடவில்லை.

அந்தக் கிவிப் பழக் கொடியை அவர் வைத்து ஐந்து வருடம் ஆகிறது. ஓய்வு பெற்ற மாதம் நாற்றுப் பண்ணைக்குப் போனவரிடம் பண்ணைக்காரர், "ஆண் கொடி ஒண்ணு, பெண் கொடி ஒண்ணுன்னு ரெண்டு வைக்க உங்க தோட்டத்துல இடம் இருக்காது சார். இதை வாங்கிட்டுப் போங்க, ஒத்தைக் கொடியே காய்க்கும்" என்று சொல்லி அதைக் கொடுத்திருக்கிறார். வீட்டுப் பின்சுவரில் இரும்புக் கொக்கி அடித்து, பழைய லிஃப்ட் கம்பியை மூன்று வரிசையாக இழுத்துக் கட்டினார் மாமனார். "நாலு ஆள் தொங்கினாலும் தாங்கும்" என்று பெருமை வேறு. நான்கு வருடம் இலைதான் வந்தது. அப்பா கீரை வளர்க்கிறார் என்று மகன் கேலி செய்தான். "அது கால் ஊணிக்கிட்டு இருக்குடா" என்பார் அவர், விட்டுக்கொடுக்காமல்.

இந்த வருடம் பூத்தது. உள்ளங்கை அகல இலைகளுக்கு அடியில் பாலாடை நிறத்தில், தரையைப் பார்த்துத் தொங்கும் பூக்கள். காலையில் எழுந்ததும் பெயின்ட் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பூவுக்குப் பூ தடவிக்கொண்டே போவார். "தானாவே காய்க்கும்னு சொன்னீங்களே மாமா?" என்று அவள் கேட்டதற்கு, "காய்க்கும்தான். நாமளும் ஒரு கை குடுத்தா குறைஞ்சா போயிடுவோம்?" என்றார்.

பூத்த கிளைகளில் பாதி அவளுடைய தையல் அறை ஜன்னலை மூடிக்கொண்டுதான் இருந்தன. அவள் வக்கீல்களுக்குக் கோட்டு தைப்பவள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊசியைத் தேடவேண்டியிருந்தது. சனிக்கிழமை ஒரு கோட்டின் உள்துணியை முழுக்கத் தைத்து முடித்தபின்தான் திருப்பி வைத்துத் தைத்திருப்பது தெரிந்தது. தையலைப் பிரிக்க ஆரம்பித்தவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, பின்கதவைத் திறந்துகொண்டு கத்தினாள்.

"எனக்குக் கண்ணே போகுது. உங்களுக்குப் பூ பெரிசாப் போச்சா? சாயங்காலத்துக்குள்ள இதை எடுக்கலைன்னா நானே அடியோட வெட்டி எறிஞ்சிடுவேன்!"

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினார்கள். மாமனார் கையில் பிரஷ்ஷோடு திரும்பிப் பார்த்தார்.

"சரிம்மா" என்றார்.

கால் மணி நேரத்தில் விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு மகன் ஓடிவந்தபோது அவருக்கு நினைவு நன்றாகவே இருந்தது. "ஏம்ப்பா ஏறினீங்க?" என்று அவன் கேட்டான். அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். மாமனாரின் பார்வை ஒரு கணம் அவள் மேல் நின்றது. பிறகு மகனைப் பார்த்து, "கிளையைத் தூக்கிக் கட்டணும்னு உன்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன். நீ அடுத்த வாரம், அடுத்த வாரம்னே. எனக்குப் பொறுமை இல்லடா" என்றார், விளையாட்டாக. மருமகளைக் காப்பாற்றத்தான் சொன்னார். அது எங்கே போய்க் குத்தும் என்று யோசிக்கவில்லை. கணவனின் முகம் வெளிறியதை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கணவன் வந்ததும் அவள் மாமனாருக்கு மாற்றுச் சட்டை எடுக்க வீட்டுக்குக் கிளம்பினாள். பித்தான் வைத்த சட்டையா, தலை வழியாகப் போடுவதா, எது விலா எலும்புக்கு வலிக்காது என்று அலமாரி முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கணவன் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அவள் இரண்டு சட்டைகளையும் மடித்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். கூடத்தின் நடுவே அவர் சவரம் செய்த முகத்தோடு, எதையோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டவர் மாதிரி படுத்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அந்த வயதில் அவரை யார் ஏறச் சொன்னது?

கணவன் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னான். "என்னைத்தான் கேட்டார். ரெண்டு தடவை. நான் போகலை." முதலில் அழுதுகொண்டு சொன்னான். மத்தியானத்துக்குள் குரலில் ஒன்றும் இல்லை. தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துவதுபோல் ஆளுக்கு ஒருமுறை அதையே சொன்னான்.

வெளியூரிலிருந்து வந்த அவன் தங்கை அடக்கிக்கொள்ளவில்லை. "ஒரு கயிறு கட்ட உனக்கு எத்தனை நேரம் ஆயிருக்கும்ண்ணா? அரை மணி? அரை மணி உனக்குக் கிடைக்கலையா?"

அவன் தலையை ஆட்டினான். "கிடைக்கலை."

"அண்ணி, நீங்களாவது சொல்லியிருக்கலாமே, ஏறாதீங்கன்னு."

அவள் தண்ணீர்த் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "நான் தைச்சிட்டிருந்தேன்" என்றாள். பொய்யில்லை. ஆனாலும் சொன்னதும் நாக்கு கசந்தது.

சமையலறை வாசலில் பக்கத்து வீட்டம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியவள் அவள்தான்.

"நான் ஒண்ணும் கேக்கலைம்மா" என்றாள் மெல்ல.

விசாரிக்கவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், காதில் விழவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் கையை விடுவித்துக்கொள்ள முயன்றாள். அந்தம்மா விடாமல் இரண்டு முறை அழுத்திவிட்டுத்தான் விட்டாள். ஏசியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

மூன்று மணிக்கு அவரைக் கொண்டுபோனார்கள். நான்கரைக்கு எல்லாம் முடிந்து திரும்பினார்கள். தங்கையும் அவள் பிள்ளைகளும் சாய்ந்த இடத்திலேயே தூங்கிப் போனார்கள்.

கணவனைக் காணவில்லை. அவள் தேடிக்கொண்டு பின்பக்கம் போனாள். அவன் காலையில் போட்ட வெள்ளைச் சட்டையோடு அதே முக்காலி மேல் நின்றுகொண்டிருந்தான். வாயில் சணல் கயிறு. ஒரு கையால் சுவர்க் கொக்கியைப் பிடித்து, மறு கையால் ஜன்னல் மேல் சரிந்திருந்த கிளையை மேல்கம்பிக்கு நெம்பிக்கொண்டிருந்தான். முக்காலி ஆடியது. பூவிதழ்கள் அவன் தோளில் உதிர்ந்தன.

"இறங்குங்க."

"கேட்டாரில்ல? இப்பவாவது செய்றேன்" என்றான், கயிற்றைக் கடித்தபடியே.

"முதல்ல இறங்குங்க. சொல்றேன்."

"ரெண்டு தடவை கேட்டார்டீ. மூணாவது தடவை கேக்கலை. கேட்டுப் பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சிருக்கும்."

"உங்களால அவர் ஏறலை." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நான் சொல்லித்தான் ஏறினார்."

அவன் வாயிலிருந்த கயிற்றை எடுத்தான். கீழே இறங்கவில்லை. "என்ன சொன்னே?"

இப்போது என்ன சொன்னாய் என்று கேட்கிறானா, அன்றைக்கு என்ன சொன்னாய் என்று கேட்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. அன்றைக்குச் சொன்னதையே சொன்னாள். ஒரு வார்த்தை குறைக்காமல், கண் போகிறது என்றதிலிருந்து அடியோடு வெட்டி எறிவேன் என்றது வரை. கத்திச் சொன்னதைத் தாழ்ந்த குரலில் சொல்லும்போது இன்னும் மோசமாக இருந்தது.

"அப்பா என்ன சொன்னார்?"

"சரிம்மான்னார்."

கிளை அவன் பிடியிலிருந்து நழுவி மறுபடி ஜன்னல் மேல் விழுந்தது. அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தனக்குள்கூட இதுவரை சொல்லிக்கொள்ளாதது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"அவர் வெட்டலை. தூக்கிக் கட்டத்தான் பாத்திருக்கார். திடீர்னு மெஷின் மேல வெளிச்சம் வந்துது. அப்பாடான்னு இருந்துது எனக்கு. எழுந்து போய்ப் பாக்கணும்னு தோணலை. வெளிச்சம் இருக்கும்போதே பிரிச்சு முடிச்சிடலாம்னு குனிஞ்சேன். அப்புறம்தான் சத்தம் கேட்டுது."

அவள் முக்காலியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். கத்துவான் என்றுகூட. அவன் கொக்கியை விட்டான், ஒவ்வொரு காலாகக் கீழே வைத்தான், அவளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனான். தண்ணீர் நிறையக் கொட்டும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவினான், திரும்பவும் கழுவினான்.

"ஆஸ்பத்திரியில என்கிட்ட அவர் அப்படிச் சொன்னப்போ நீ அங்கதானே நின்னே?"

"ஆமா."

அவன் கையை உதறிவிட்டு வீட்டுக்குள் போனான்.

அவளும் சற்றுப் பொறுத்து உள்ளே வந்தாள். கூடத்தில் சமூகக் கூடத்திலிருந்து வாங்கி வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் கோணல்மாணலாகக் கிடந்தன. ஆறு மணிக்குள் திருப்பித் தரவேண்டும். அவன் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தான். அவள் மறு மூலையிலிருந்து அடுக்கினாள். அவன் எட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். அவள் நான்கைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் போனாள்.

வாசல் கேட் தானாக மூடிக்கொள்ளும் ரகம். அவன் அதை முதுகால் தள்ளித் திறந்து வெளியே போனான். திரும்பிப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தபடி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, அவள் வந்து தாண்டும் வரைக்கும் கேட்டை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.