மரியாதைக்கு விட்ட சந்து

பாலைத் திரித்துப் பன்னீர்க்கட்டி செய்யும் துடியலூர்க் கம்பெனிக்குள் யாரும் நேராக நடந்து போக முடியாது. நுழைவறையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு ஸ்டீல் பெஞ்சு. செருப்பை இந்தப் பக்கம் கழற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, அங்கே இருக்கும் வெள்ளை பூட்ஸை மாட்ட வேண்டும். பிறகு கை கழுவ வேண்டும். அப்புறம்தான் உள்கதவு. வெளியே மிதித்த கால் உள்ளே படக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

கட்டியபோது பெஞ்சு சுவரோடு சுவராக இருந்தது. இப்போது ஓரத்தில் ஓர் ஆள் நுழையும் சந்து. முதலாளி ஈஸ்வரமூர்த்தி வேலையாட்கள் முன்னால் காலைத் தூக்கிப் போட்டால் நன்றாகவா இருக்கும் என்று யாரோ நகர்த்தி வைத்தார்கள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல வெறுங்காலோடு சந்து வழியாகப் போவார். வெறுங்கால் சுத்தம் என்பது அவர் எண்ணம்.

நுழைவறையைப் பார்த்துக்கொள்பவள் ரம்லா. இந்த வேலையை நம்பித்தான் அவள் மகள் ஹுமேரா நர்சிங் படிக்கிறாள்.

ஒருநாள் வெட்டி வைத்த பன்னீரில் உமி கிடந்தது. ஈஸ்வரமூர்த்தி நேராக ரம்லாவிடம் வந்தார். சூப்பர்வைசர் மனோஜ்குமார் பின்னாலேயே வந்தான்.

"ஏனம்மணி, உன்னைய எதுக்கு இங்க நிக்க வெச்சிருக்கறேன்? கண்டவனையும் உள்ள உட்டுப்போட்டு வேடிக்கை பாக்கறயா? நாளையிலிருந்து வர வேண்டாம்."

பேசினாலும் வேலை போகும், பேசாவிட்டாலும் போகும். ரம்லா பேசினாள்.

"ஏனுங்க சார், இன்னைக்கு அந்தச் சந்துல போனது நீங்க ஒருத்தர்தானுங்க. காலைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். குதிகாலில் உமி. வேட்டிக் கரையிலும் உமி. பல்லடத்தில் இருக்கும் தன் கோழிப்பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தார். அங்கே குஞ்சுகளுக்கு அடியில் விரித்த உமி அது.

மனோஜ்குமார் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வெட்டற மேசைகிட்ட நின்னு வேட்டிய ஒதறிக் கட்டுனீங்க சார்."

"பாத்துப்போட்டுச் சும்மாவா நின்னே?"

"மரியாதைங்க சார்."

ரம்லா சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

கோழி எச்சம் பட்ட உமி. உமியாவது கண்ணுக்குத் தெரிந்தது, அதோடு வந்த கிருமி தெரியாது. பெஞ்சைப் போடும்போது இதையெல்லாம் ஊருக்கே விளக்கியவர் அவர்தான். அன்றைய பன்னீர் மொத்தமும் குழிக்குப் போனது. மத்தியானமே பெஞ்சைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கினார்கள். ஈஸ்வரமூர்த்தி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கிளம்பும்போது, "நாளைக்கு நேரத்துல வந்துரு அம்மணி" என்றார். ரம்லாவுக்கு அது போதும்.

மறுவாரம் அவருடைய மச்சான் குமாரசாமி கம்பெனியைப் பார்க்க வந்தார். கோயில் கமிட்டித் தலைவர், பெரிய உடம்பு. பெஞ்சைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏனுங்க மாப்ள, நம்மூட்டு ஆளையுமா தாண்டிக் குதிக்கச் சொல்றீங்க?"

ஈஸ்வரமூர்த்தி அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலை அந்தப் பக்கம் போட்டிருந்தார். ரம்லா பெரிய சைஸ் பூட்ஸாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"உக்காருங்க மச்சான். சுத்தத்துல பெரிய கால், சின்னக் கால்னு இல்லீங்க. இந்த வாசல்ல ஆளைப் பாத்து மரியாதை குடுத்தா, அது எவனோ பெத்த கொழந்தை வவுத்துக்குள்ளதான் போகுது."