திரைக்குப் பின்னால் நீண்ட கை

தக் ஹேசூன் காரின் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் மட்டும்தான் பிடிப்பாள். விரல் நுனி படாமல் கார் ஓட்டும் ஒரே ஆள் யோங்சோன் ஊரிலேயே அவளாகத்தான் இருக்கும். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் சேர்ந்து எதையாவது அழுத்தினால் போதும், அடியில் ஒரு துடிப்பு ஓடத் தொடங்கிவிடும். சோற்றுக் கிண்ணத்தின் விளிம்பில் ஓடும். பேருந்துக் கம்பியில் ஓடும். குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில்கூட ஓடியிருக்கிறது. யாருடைய துடிப்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். செத்துப்போன தங்கை போமியுடையது.

பேய் என்றால் தலைவிரி கோலமாக எதிரே வந்து நிற்கும் என்று நினைப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம். விரலை எப்படி மூடிக்கொள்வது?

ஹேசூன் ஒரு காலத்தில் நாடி பார்ப்பதில் பெயர் வாங்கிய கொரிய வைத்தியர். கைராசிக்காரி என்று வாசலில் கூட்டம் அலைமோதும். அந்தப் பெயர்தான் குடியைக் கெடுத்தது. சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முந்தின நாள் அக்காவும் தங்கையும் உட்கார்ந்து கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். போமி கல்யாணமாகி வருஷக்கணக்காகக் குழந்தைக்கு ஏங்கியவள். அசதியாக இருக்கிறது, குமட்டுகிறது, நாளும் தள்ளிப்போயிருக்கிறது என்றாள். மாவு ஒட்டிய கையோடு ஹேசூன் அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். தட்டில் முத்து உருள்வது போல நாடி வழுக்கிக்கொண்டு ஓடியது. கர்ப்பிணிக்கு ஓடும் என்று வைத்தியப் புத்தகத்தில் எழுதியிருக்கும் அதே வழுக்கு நாடி.

"குழந்தைடி!" என்று கத்திவிட்டாள் ஹேசூன்.

"மருந்துக் கடையில வாங்கின டெஸ்ட் குச்சி, கர்ப்பம் இல்லன்னு காட்டுச்சேக்கா."

"அந்தக் குச்சிக்கு என்னடி தெரியும்? நேத்து ஃபேக்டரியில பொறந்தது அது. என் விரல் பொய் சொல்லி நீ பாத்திருக்கியா?"

போமி பார்த்ததில்லை. அதனால் நம்பினாள். அவள் புருஷன் ஜேசொப் திராட்சைத் தோட்டக்காரன். பண்டிகை முடிந்ததுமே சந்தைக்குப் போய், பிள்ளை பெற்றவளுக்குச் சூப் வைக்கிற கடற்பாசியை ஓர் ஆள் நீளத்துக்கு வாங்கினான். மடித்தால் பிரசவம் சிக்கலாகும் என்று மடிக்காமலே தோளில் போட்டுக்கொண்டு ஊர் நடுவே நடந்து வந்தான். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ரத்தம் கெட்டுப்போனாலும் அதே வழுக்கு நாடி ஓடலாம். அதுவும் அதே புத்தகத்தில் அடுத்த வரியிலேயே இருக்கிறது. ஆசை அடுத்த வரிக்குப் போகவிடவில்லை. குளிர் தொடங்கியபோது போமிக்கு நிற்காமல் உதிரம் போனது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்று என்றார்கள். வைத்தியர்தானே என்று ஹேசூனைத் தனியாக அழைத்து, "கர்ப்பம்னு எதுவும் இல்லீங்க. இருந்ததுக்கான அடையாளமும் இல்ல" என்றார் அங்கிருந்த டாக்டர். உள்ளே போனாள். கட்டிலில் கிடந்த போமி, "அக்கா, குழந்தை?" என்று கேட்டாள். பக்கத்தில் ஜேசொப் நின்றிருந்தான்.

"தங்கலடி" என்றாள் ஹேசூன். ஒரே சொல். அதற்குப் பிறகு அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

திராட்சைக் கொடி துளிர்க்கிற சமயத்தில் போமி போய்விட்டாள். வருஷா வருஷம் அவளுடைய நினைவு நாளில் ஜேசொப் படையல் வைப்பான். போமிக்குப் பெரிய கிண்ணத்தில் சோறு. அதன் பக்கத்தில், பெயர்கூட வைக்காத பிள்ளைக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு. படையல் முடிந்து எல்லோரும் பகிர்ந்து உண்ணும்போது அந்தச் சின்னக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஹேசூனிடம் நீட்டுவான். "அண்ணி, உங்க கை கண்டுபிடிச்ச புள்ள. நீங்கதான் சாப்பிடணும்" என்பான். இல்லாத பிள்ளையின் சோற்றை அவள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு வருவாள். அந்தச் சோறு எப்படித்தான் இறங்கியதோ.

இந்த லட்சணத்தில் அவள் வைத்தியம் பார்ப்பது எப்படி? வைத்தியக் கடையை மூடிவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த கொரிய மருத்துவ ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கஷாயங்களைக் காய்ச்சி, பிரித்து, எலிகளுக்கு எந்த அளவு கொடுத்தால் வீக்கம் குறைகிறது என்று பார்க்கிற வேலை. எலிக்கு நாடி பார்க்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் அதில் அவளுக்குப் பிடித்தது.

மனிதருக்கு நாடி பார்க்கச் சொல்லிக் கேட்டது கூ தேசிக். கல்லூரியில் அவளுக்கு இளையவன், இப்போது அதே ஆய்வகத்தின் மாடியில் நாடி ஆய்வை நடத்துகிறவன். கர்ப்பிணியா இல்லையா என்று நாடியை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா என்பதுதான் ஆய்வு. வைத்தியர்கள் திரைக்கு இந்தப் பக்கம் உட்காருவார்கள். திரையில் இருக்கும் துவாரத்தின் வழியாக ஒரு கை நீளும். வயதோ தழும்போ தெரியாமலிருக்க மணிக்கட்டின் மேல் மெல்லிய பட்டுத் துணி. மூன்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு, ஆம், இல்லை என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பேச்சு மூச்சு கூடாது.

"அக்கா, எங்க வைத்தியர் ஒருத்தர் இடுப்பு புடிச்சுக் கெடக்காரு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வந்து உக்காருங்க."

"ஊருக்கே ஊசி குத்துறவருக்கு இடுப்புல ஊசி குத்த ஆள் இல்லையாடா?"

"குத்திக்கிட்டுதான் கெடக்காரு. கிண்டலப் பொறவு வெச்சுக்கலாம், வாங்க. கையெல்லாம் வந்து காத்துக்கிட்டு இருக்கு."

"நான் நாடிய விட்டுப் பல வருஷமாச்சுடா."

"நீச்சல் மறக்குமா? வாங்கக்கா, என் இத்தனை வருஷ உழைப்பு."

அவன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை. போனாள்.

முதலில் வந்த கைகள் எல்லாம் சாதாரணக் கைகள். ஒன்று பதற்றத்தில் படபடத்தது. ஒன்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தது. ஆச்சரியம், அவற்றில் போமி இல்லை. உயிருள்ள நாடிக்கு மேல் செத்தவள் ஏற மாட்டாளோ என்று நினைத்தபோது ஹேசூனுக்கு வருஷக்கணக்கில் காணாத நிம்மதி வந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இது தெரியாமல் எலியோடு காலத்தைக் கழித்துவிட்டோமே என்றுகூடத் தோன்றியது.

அடுத்த கை வந்தது. விரலை வைத்தாள்.

போமி.

அதே வழுக்கல். அதே அவசரம். மோதிர விரலுக்குக் கீழே மட்டும் லேசாகத் தடுக்கி, பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்கிற அதே பழக்கம். சின்ன வயதில் அக்காவுக்குப் பின்னால் ஓடிவரும்போது போமி அப்படித்தான் தடுக்குவாள். துணிக்கு அடியில் கை வெதுவெதுப்பாக இருந்தது. கிண்ணத்திலும் கம்பியிலும் ஓடியது மனப்பிராந்தி என்று வைத்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பு எங்கிருந்து வந்தது?

இது மனப்பிராந்தி என்றால் சும்மா இருந்துவிடலாம். இல்லை என்றால், திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி அதே நோயோடு, பிள்ளை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாயைத் திறந்தால் தேசிக்கின் ஆய்வு கெடும். திறக்காவிட்டால் அவள் கடற்பாசி வாங்கப் போய்விடுவாள். ஹேசூன் விரலை எடுக்காமல் காத்திருந்தாள். தடுக்கல் மறுபடி வந்தது. கொஞ்சம் ஓடி, மறுபடி வந்தது. இம்மி பிசகாமல் அதே இடத்தில், அதே அளவில். உயிருள்ள எந்த நாடியும் ஒரு மூச்சில் ஓடியது போலவே அடுத்த மூச்சில் ஓடாது.

எழுந்தாள். திரையைப் பிடித்து இழுத்தாள்.

நாற்காலியில் யாரும் இல்லை. மேசைமேல், முழங்கையோடு முடிகிற ஒரு சிலிகான் கை படுத்திருந்தது. அதன் அடியிலிருந்து வெந்நீர் ஓடும் ஒரு குழாய் ஒரு பெட்டிக்குப் போனது. பக்கத்தில் தேசிக் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க! அது பொய்க் கை. எங்க வைத்தியருங்க எல்லாரும் ஒரே பதில் சொல்றாங்களான்னு பாக்க நடுவுல ஒண்ணு வெப்போம். கண்டுபிடிச்சது நீங்க ஒருத்தர்தான்."

"இதுல ஓடுறது யாரோடதுடா?"

"பேரெல்லாம் வெச்சுக்கறதில்லக்கா. முன்னாடி பதிவு பண்ணின நாடிங்க. ஆனா இது எங்க தங்கம். யாரு தொட்டாலும் கர்ப்பம்னுதான் சொல்லுவாங்க. கம்ப்யூட்டருக்கு வழுக்கு நாடின்னா என்னன்னு கத்துக்குடுத்ததே இத வெச்சுதான்." சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அக்கா... அந்த சூசொக் முடிஞ்சு போமி இங்க வந்துச்சு. உங்களுக்கு டிபன் குடுக்கன்னு உங்க கடைக்குப் போயிட்டு, திரும்புற வழியில. 'எனக்குக் குழந்தை உண்டாயிருக்கு, என் நாடியையும் எடுத்துக்கோங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே கைய நீட்டுச்சு. நான்தான் எடுத்தேன். நான் மறந்தே போயிட்டேன்."

ஹேசூன் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய வாயிலிருந்து வந்த ஒரு தப்பு, தங்கையின் சிரிப்பு வழியாக இந்தப் பெட்டிக்குள் போய், இப்போது ஊருக்கெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது. இனி ரத்தம் கெட்டவள் எவள் வந்து கை நீட்டினாலும் இயந்திரம் வாழ்த்துச் சொல்லும்.

"அது குழந்தை இல்லடா. குழந்தையே இல்ல. அது நோய்."

தேசிக் நிலைகுலைந்து போனான். ஆனால் நல்லவன். "சரிக்கா" என்றான். "அழிக்கணும்னா குடும்பத்துல சம்மதம் வாங்கணும், புருஷனைக் கேக்கணும். அதெல்லாம் வேணாம். நான் கமுக்கமா எடுத்துடறேன். கம்ப்யூட்டருக்குத் திருப்பிக் கத்துக்குடுத்துக்கலாம். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

அவள் தலை ஏறக்குறைய ஆடிவிட்டது. யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம், எவ்வளவு சுலபம். ஆனால் விரல் தானாகப் போய் அந்தச் சிலிகான் மணிக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. போமி ஓடிக்கொண்டிருந்தாள். இதைப் புருஷனுக்குத் தெரியாமல் நிறுத்த எனக்கு என்ன உரிமை என்று ஹேசூன் நினைத்தாள். போனை எடுத்தாள்.

ஜேசொப் தோட்டத்திலிருந்து அப்படியே வந்தான். விரல்களெல்லாம் திராட்சைக் கறை. அறைக்குள் நுழையும்போது ஷூவைக் கழற்றினான். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

"போமியா?" என்றான் அந்தக் கையைப் பார்த்து.

"அவ நாடி."

அவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. தடித்த விரலால் எங்கெங்கோ அழுத்தினான். ஹேசூன் அவனுடைய மூன்று விரலையும் எடுத்து உரிய இடத்தில் வைத்தாள். அவன் மூச்சை நிறுத்தினான். பிறகு அவன் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஓடுறா அண்ணி! எப்படி ஓடுறா பாருங்க!" உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டான், யாரோ தூங்குவது போல. "இதுல புள்ளையோடது எது?"

தேசிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"புள்ள இல்ல ஜேசொப்."

"போயிடுச்சு, தெரியும். ஆனா இத எடுத்தப்ப இருந்துச்சுல்ல?"

"எப்பவுமே இல்ல. என் கை தப்பாச் சொல்லிடுச்சு. அவளுக்கு ஓடினது நோய். ஆஸ்பத்திரியில எங்கிட்டச் சொன்னாங்க. நான்தான் உங்க ரெண்டு பேருக்கும் மாத்திச் சொல்லிட்டேன்."

அவன் கத்தவில்லை. விரலையும் எடுக்கவில்லை. பெட்டிக்குள் மோட்டார் மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

"போமிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அம்மாங்கிற நினைப்போடதான் போனாளா?"

"ஆமா."

அவன் தலையை ஆட்டினான். நெடுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். தேசிக் தயங்கித் தயங்கி, "கையெழுத்துப் போட்டீங்கன்னா நிறுத்திடலாம்" என்றான்.

"போடறேன். இப்ப இல்ல. நிறுத்தாம விட்டா எவ்வளவு நேரம் ஓடும்?"

"நாம நிறுத்துற வரைக்கும் ஓடும்."

"அப்ப ஓடட்டும்."

ஹேசூன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜேசொப் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் கண் அந்தக் கையின் மேலேயே இருந்தது.

"இனிமே வீட்டுக்கு வராதீங்க அண்ணி" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "கதவச் சாத்திட்டுப் போங்க. நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் இருக்கோம்."

தேசிக் முதலில் வெளியே வந்தான். ஹேசூன் கடைசியாக வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.