மண் தள்ளும் பலகைக்குத் தரச்சான்று

சாந்தம்மாவின் ஒண்ணேகால் ஏக்கருக்கு நடுவில் ஒரு மேடு. கெலவரப்பள்ளி வாய்க்கால் தண்ணீர் அந்த மேடு வரைக்கும் வரும். பிறகு பக்கத்து நிலத்துக்குப் போய்விடும். மேட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்த அரை ஏக்கர் மூன்று வருஷமாக வெறும் புல். இந்தத் தடவை அதிலும் ராகி நட்டே தீருவது என்று அவள் நாற்று விட்டுவிட்டாள். நாற்று நடவேண்டிய இருபத்தைந்து நாளைத் தாண்டி நின்றது. திங்கட்கிழமை காலை மதகு திறக்கிறார்கள். அதற்குள் மேடு போக வேண்டும்.

அவள் கணவன் ஆஞ்சப்பன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். பாகலூர் பக்கம் திராட்சைத் தோட்டம் ஒன்றில் செத்துக் கிடந்த குட்டி டிராக்டரை, "எடுத்துட்டுப் போனா சரி" என்று தோட்டக்காரர் சொல்லி வாய் மூடுவதற்குள் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தான். சைலன்ஸருக்குள் குளவிக்கூடு, டேங்கில் துரு, ஒட்டிப்போன கிளட்ச். ஷிப்ட் முடிந்து வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான், கழுவினான், நாஸிலை மாற்றினான். ஆறாவது வாரம் அது இருமியது, கறுப்பாகத் துப்பியது, பிறகு ஓடியது.

முன்னால் மாட்ட மண் தள்ளும் பலகை ஒன்றுதான் பாக்கி. அதற்கு அவன் நாராயணப்பனிடம் யோசனை கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

நாராயணப்பன் அதே கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். உப்புமாவில் உப்பு குறைந்தால் கேண்டீன்காரரிடம் "ரிஜெக்ட்" என்று தட்டைத் திருப்பிக் கொடுப்பவர். பலகைக்கு மூன்று தாளில் டிராயிங் போட்டார்.

"டிராயிங் இல்லாம வெல்டிங் வெச்சா அது பட்டறை வேலை, ஆஞ்சப்பா. நாம இண்டஸ்ட்ரி."

பெரிய இரும்புக் குழாய் ஒன்றை நெடுக்கில் அறுத்து ஆஞ்சப்பன் பலகை செய்தான். அடிவிளிம்புக்கு லாரி ஸ்பிரிங் பட்டாவை வெல்டிங் வைத்தான். நாராயணப்பன் வெர்னியர் வைத்து அளந்தார். இடப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் அதிகம். ரிஜெக்ட். அறுத்து ஒட்டினான். ஒட்டு அழகாக இல்லை. ரிஜெக்ட்.

"மண்ணு தள்றதுக்குத்தானேங்ணா இது?" என்றாள் சாந்தம்மா. "மண்ணு என்ன, அளவு பாத்துட்டா ஒதுங்கும்?"

"இன்னிக்கு ரெண்டு மில்லிதானேம்பீங்க. நாளைக்கு நாலு. அப்புறம் நாட்டுல ஒழுக்கம் எங்கம்மா இருக்கும்?"

"நாடு இருக்கட்டுங்ணா. நாத்து கதிரே வெச்சுரும்போல."

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பலகை தேறியது. 'பாஸ்' என்று எழுதிய அட்டையைக் கம்பியால் அதில் கட்டிவிட்டு நாராயணப்பனும் வயலுக்கு வந்தார். பளபளக்கும் ஷூ, மடிப்புக் கலையாத பேண்ட்.

ஆஞ்சப்பன் பலகையை இறக்கி மேட்டில் கொடுத்தான். பலகை மண்ணைக் கவ்வியது. டிராக்டர் அங்கேயே நின்றது. பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றிப் புழுதி கிளப்பின.

நாராயணப்பன் குனிந்து பார்த்தார். "பலகை கரெக்ட். டிராக்டர்தான் ரிஜெக்ட்."

"பின்னால பாரம் இல்ல சார். மூக்குல இவ்ளோ இரும்பு தொங்குது. பின்சக்கரம் எப்படிப் பிடிக்கும்?"

பின்னால் கலப்பை மாட்டும் சட்டத்தில் கல்லை அடுக்கினார்கள். முதல் குலுக்கலில் எல்லாம் உருண்டு விழுந்தது.

"வெயிட் பாக்ஸ் ஒண்ணு பண்ணணும்," என்றார் நாராயணப்பன். "டிராயிங் குடுத்துடறேன். பத்து நாள்ல..."

"நாளைக்குக் காலைல தண்ணிங்ணா!"

சாந்தம்மா அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். சந்தையில் பூசணிக்காய் பார்க்கிற பார்வை.

"அண்ணா, நீங்களே ஏறி நில்லுங்க."

"நானா?"

"இவரு ஓட்டணும். தொண்ணூறு கிலோவுக்கு நான் வேற எங்க போவேன்?"

"எண்பத்தெட்டு," என்று நாராயணப்பன் திருத்தினார்.

தவறான அளவைத் திருத்தியவர், சரியான அளவுக்குப் பொறுப்பேற்றாக வேண்டியிருந்தது. ஷூவைக் கழற்றி வரப்பில் வைத்தார். பேண்டை முழங்கால் வரை சுருட்டினார். சட்டத்தில் ஏறி, இரண்டு மட்கார்டையும் இறுக்கிப் பிடித்தார். சக்கரம் மண்ணைப் பிடித்தது. மேட்டின் முதல் அடுக்கு உரிந்து பலகைக்கு முன்னால் சுருண்டுகொண்டு போனது.

பக்கத்து நிலத்துக் கங்கப்பன் வரப்பில் வந்து நின்றார். "யாருப்பா பின்னால, கலெக்டரா?"

"வெயிட்டுங்க," என்றாள் சாந்தம்மா.

முதல் ஒரு மணி நேரம் நாராயணப்பன் மட்கார்டை விடாமல் பிடித்தே நின்றார். பிறகு "இறக்கு! தூக்கு! கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம்!" என்று கத்த ஆரம்பித்தார். மத்தியானம் டீயைக்கூட இறங்காமல் சட்டத்தில் நின்றபடியே குடித்தார். 'பாஸ்' அட்டை எப்போதோ மண்ணுக்குள் போயிருந்தது. அவர் கவனிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மேடு இல்லை. அவருடைய பேண்ட், சட்டை, மீசை எல்லாம் ஒரே செம்மண் நிறம்.

மறுநாள் காலை தண்ணீர் வந்தது. நேராக நடந்து கடைசி வரப்பைத் தொட்டது. ஆஞ்சப்பன் வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்த நாராயணப்பன் வயலைச் சுற்றி வந்தார்.

"ஈசானிய மூலையில ஒரு விரக்கடை தண்ணி அதிகமா நிக்குது," என்றார்.

"ரிஜெக்டுங்களாண்ணா?"

அவர் குனிந்து அந்தத் தண்ணீரில் விரலை விட்டு இன்னொரு முறை அளந்தார்.

"நடும்மா," என்றார்.

அவள் அதற்குள் இரண்டு வரிசை நட்டுவிட்டிருந்தாள்.