பாராக்காரன் மாறிவிட்டான்

‘உப்புக்கோள்’ தொடரைப் பார்க்காதவர்களுக்கு முதலில் பாராக்காரனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வேறொரு கோளின் உப்பங்கழியில் நடக்கிற கதை அது. அதில் தலையோடு மூடிய கவசம் போட்ட ஒருவன் காவல் நிற்பான். முகம் காட்டமாட்டான், வாய் திறக்கமாட்டான். அவன் யார் என்று தொடரை எடுத்தவர்கள் சொல்லவில்லை. அதனால் ரசிகர்கள் சொல்லத் தொடங்கினார்கள். செத்துப்போன கேப்டன் என்றார்கள் சிலர், வெறும் இயந்திரம் என்றார்கள் சிலர். கதாநாயகிக்கு இனிமேல் பிறக்கப்போகிற மகன் என்று நாற்பது நிமிட வீடியோ போட்டு நிரூபித்த புண்ணியவானும் உண்டு. வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்று திட்டலாம். ஆனால் பாதிப் பேர் நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்துதான் இந்த ஆராய்ச்சியில் உட்கார்ந்தார்கள்.

வெண்மதியும் அப்படித்தான். கடலூர் முதுநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, மிச்ச நேரத்தில் ‘உப்புக்கோள்’ ரசிகர் குழுவின் அட்மின். குழுவில் இரண்டாயிரம் பேர். பாராக்காரன் யார் என்பது அவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கவசத்துக்குள் இருந்தது அவளுடைய அண்ணன் அன்பரசு.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் பாராக்காரன் கட்டைவிரலை நனைத்து நெற்றி, வாய், நெஞ்சு என்று கவசத்தின் மேல் மூன்று இடத்தில் தொடுவான். அந்தக் கோளுக்கு மூன்று நிலவுகள், அதற்கான குறி என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். உண்மையில் அது சர்ச்சில் பூசையின்போது நற்செய்தி வாசிக்கையில் போடுகிற சிலுவை. அன்பரசுக்கு நீச்சல் வராது. சின்ன வயதில் எந்தத் தண்ணீரில் கால் வைத்தாலும் அந்தச் சிலுவையைப் போட்டுக்கொள்ளும்படி அம்மா பழக்கியிருந்தாள். முதல் தடவை அதைத் திரையில் பார்த்த அன்று வெண்மதி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன் கெமிக்கல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போகிறேன் என்று அவன் நின்றபோது, அப்பா லூர்துசாமி அவனுடைய பையைத் தூக்கித் தெருவில் எறிந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், பிடித்த பிடியை விடாத ஆள். அன்பரசு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கைக்கு மட்டும் வேறு வேறு நம்பரிலிருந்து போன் செய்வான். “பெரிய வேலைல இருக்கேன் மதி. வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க.”

அவன்தான் பாராக்காரன் என்று வெண்மதி அப்பாவிடம் மட்டும் சொன்னாள். கிழவர் “எவனோ எப்படியோ போறான்” என்றார். மறுவாரத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தார். மகன் பெயரைச் சொல்லவில்லை. “பாராக்காரன் இன்னிக்கி வந்தானா?” என்று மட்டும் கேட்பார். செத்துப்போன அம்மாவின் வருட பூசைக்கு அவனைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிய விஷயம். அண்ணனிடம் அதைச் சொல்ல வெண்மதி துடியாய்த் துடித்தாள். ஆனால் ஆடி மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து போனே வரவில்லை.

இரண்டாவது சீசன் மாசியில் வந்தது. நான்காவது எபிசோட் வெளியான மறுநாள் சிதம்பரத்திலிருந்து அருள்முருகன் என்ற காலேஜ் மாணவன் ஒரு வீடியோ போட்டான். பாராக்காரன் மாறிவிட்டான் என்பது தலைப்பு. மூன்றாவது எபிசோட் வரை இடது தோள் இறங்கியிருக்கிறது, நான்காவதில் இரண்டும் சமம். நடை குறுகியிருக்கிறது. தண்ணீரைத் தொடுகிற மூன்று நிலவுக் குறி இல்லவே இல்லை. ஆகவே பழைய பாராக்காரன் செத்துவிட்டான், வந்திருப்பது வேறு ஆள். ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். தொடரின் அதிகாரப்பூர்வப் பக்கமே அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டது.

வெண்மதி விடவில்லை. கவசம் புதுசு, அதனால் தோள் அப்படித் தெரிகிறது என்று எழுதினாள். டைரக்டர் குறியை வேண்டாம் என்றிருப்பார் என்று எழுதினாள். கேஸ் நடத்துகிற வக்கீல்கூட அப்படி வாதாடமாட்டார். பதிலுக்கு அருள்முருகன் ஒரு வரி எழுதினான்: ஆடி மூன்றாவது வாரம் பிச்சாவரத்தில் ஷூட்டிங் இரண்டு நாள் நின்றது, பிறகு சென்னையிலிருந்து புது ஆளை வரவழைத்தார்கள், எனக்கு நம்பகமான தகவல். அதைப் படித்ததும் அவள் போனில் பழைய அழைப்புகளைத் தேடிப் பார்த்தாள். அன்பரசு கடைசியாகப் பேசியது ஆடி இரண்டாவது வாரம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். ரயிலடி டீக்கடையில் அருள்முருகன் காத்திருந்தான்.

“நேர்லயே வந்து சண்ட போடுவீங்கன்னு நெனைக்கலக்கா” என்று சிரித்தான்.

“பாராக்காரன் எங்கண்ணன், தம்பி.”

அவன் கண் விரிந்தது. “செம தியரிக்கா. கதைல யாருக்கு அண்ணன்? ஹீரோயினுக்கா?”

அவள் போனை எடுத்து, இடது தோள் இறங்கி நிற்கிற அன்பரசுவின் போட்டோவைக் காட்டினாள். பையன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி போட்டோவைப் பார்த்தான். அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை. தகவல் சொன்னது பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் கிள்ளையில் இருக்கிற ராஜவேல் மாமா என்றான். ஷூட்டிங்குக்குப் படகும் சாப்பாடும் ஏற்பாடு செய்து கொடுக்கிறவர்.

அவனே அவளைக் கிள்ளைக்குக் கூட்டிப்போனான். ராஜவேல் போட்டோவைப் பார்த்ததும் வாசல் கதவைச் சாத்தினார்.

“அந்தத் துணியும் கவசமும் பதினாலு கிலோம்மா. இடுப்பளவு தண்ணின்னுதான் எறக்கினாங்க. சேத்துல கால் மாட்டிக்கிட்டு உள்ள போய்ட்டான். மொகம் தெரியல, சத்தம் கேக்கல. நடிக்கிறான்னு நெனச்சு கேமராவ ஓட்டிக்கிட்டே இருந்தாங்க.”

“எங்களுக்கு ஏன் சொல்லல?”

“யாருக்குன்னு சொல்றது? ஒரு டாக்டர்கிட்ட மாரடைப்புன்னு எழுதி வாங்கி, அன்னிக்கி சாயங்காலமே ஷூட்டிங் கம்பெனிக்காரங்களே காரியத்த முடிச்சுட்டாங்க.”

“பொதைச்சாங்களா?”

“எரிச்சுட்டாங்கம்மா. நானும் கூட நின்னேன்.”

வேலைக்குச் சேர்ந்தபோது அன்பரசு நிரப்பிக் கொடுத்த தாளின் நகல் அவரிடம் இருந்தது. பெயர் அன்பு, ஊர் சென்னை. கீழே உறவினர் என்ற இடத்தில் ‘யாருமில்லை’ என்று இருந்தது. வெண்மதி அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். போலீசுக்குப் போக அது வேண்டும் என்று அருள்முருகன்தான் சொன்னான். அவன் அதற்குள் அந்த வீடியோவை நீக்கிவிட்டிருந்தான். அதனால் யாருக்கு என்ன லாபம்? ஆறு லட்சம் பேரும் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். ஏழு மாதமாக ஒரு மனிதன் செத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்துவிட்டு, அடுத்த சீசன் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். கடலூர் வரைக்கும் பஸ்ஸில் அவள் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் மீன் குழம்பு வாசனை அடித்தது. லூர்துசாமி சட்டையெல்லாம் தூசியோடு, அன்பரசுவின் அறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

“மதி, டிப்போ கலியமூர்த்தி ஒரு வீடியோ காட்னான். பாராக்காரன மாத்திட்டாங்களாமே.”

அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

“நானும் உக்காந்து யோசிச்சேன்” என்றார். மூன்று வருடத்தில் அவர் முகத்தை அவ்வளவு பிரகாசமாக அவள் பார்த்ததில்லை. “ஆள மாத்திட்டாங்கன்னா என்ன அர்த்தம்? நம்ம பையன் அந்த வேலைய விட்டுட்டான். எங்க போவான்? இங்கதான் வருவான். வஞ்சிரம் வாங்கியாந்தேன். நாளைக்கும் இருக்கும்.”

ஆறு லட்சம் பேருக்கும் தோன்றாத தியரி அது. அவள் அவர் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை, அப்படியே சொன்னாள். தண்ணீர், கவசம், சேறு, எல்லாவற்றையும் சொன்னாள். எரித்ததையும் சொன்னாள். அவர் விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“நமக்கு ஏன் சொல்லல?” என்றார்.

“நம்ம அட்ரஸ் எழுதியிருந்தான்பா. அவுங்க அந்தப் பேப்பரத் தொலைச்சிட்டாங்க.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ போட்டோ எடுக்காம வந்திருக்கமாட்ட. காட்டு.”

மறுத்துப் பார்த்தாள். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் போனைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, அந்த ஒரு வார்த்தையை எழுத்து எழுத்தாகப் படித்தார்.

“அவன் கையெழுத்துதான்” என்றார்.