மூன்றாம் எண் ஜன்னல்

எதையும் மேற்பார்வை பார்த்துத் திருத்திக்கொண்டே இருப்பாள் என்பதால், என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவோம். என் வீட்டுக்காரரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. தண்ணீரைக் கண்டாலே அலறும் பிள்ளையைக்கூட ஒரே வாரத்தில் தலைகீழாகக் குதிக்க வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஏழு மாதமாக வாசலைத் தாண்டவில்லை.

காரணம், திருட்டு. ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு ஒரு பார்சலை அனுப்ப இருபது நிமிடம் வெளியே போனாள். திரும்பி வந்தால் லேப்டாப்பையும் காணோம், பீரோவில் இருந்த அவள் அம்மாவின் சங்கிலியையும் காணோம். எதையும் உடைக்கவில்லை, கம்பி இல்லாத சமையலறை ஜன்னல் தாழிடாமல் இருந்திருக்கிறது, அது வழியாக வந்திருக்கிறான் என்றார் போலீஸ்காரர். கடைசியாக வீட்டை விட்டுப் போனது யார் என்று கேட்டார். "நான்தான்" என்றாள் மேனேஜர். அதோடு விசாரணை முடிந்தது. அன்றிலிருந்து அவள் வீட்டுக்குக் காவல் இருக்கிறாள்.

இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று குளத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "நீ உட்கார்ந்து காக்கறதுக்கு இங்க என்ன புதையலா இருக்கு? இருந்ததைத்தான் அவன் எடுத்துட்டுப் போயிட்டானே!" என்று கத்தினேன். அவள் எழுந்து போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள்.

என் வீட்டுக்காரர் முதலில் ஒரு போலி காமிரா வாங்கி வந்து வாசலில் மாட்டினார். சிவப்பு விளக்கு மினுக்கும், வேறொன்றும் செய்யாது. திருடன் பயப்படுவானாம். மேனேஜர் ஒரு தடவை அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது அண்ணன் மாதிரி. முழிச்சுப் பார்க்கும், ஆனா ஒண்ணும் தெரியாது" என்றாள். பிறகு நானே திருட்டு அலாரம் வாங்கக் கடைக்குப் போனேன்.

கடைக்காரம்மா மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். "சொந்த வீடா, வாடகையா?" என்று கேட்டார்.

"வாடகை. சுவத்துல ஆணி அடிச்சாலே வீட்டுக்காரம்மா கோர்ட்டுக்குப் போயிடுவாங்க."

"அப்போ ஒட்டற டைப்தான் உங்களுக்கு. ஒயர் வேணாம். எத்தனை கதவு, எத்தனை ஜன்னல்? கதவு மரமா, இரும்பா?"

பன்னிரண்டு வருடம் குடியிருக்கும் வீடு. நான் திருதிருவென விழித்தேன். மேனேஜருக்குப் போன் போட்டேன். அவள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"ரெண்டு கதவு. முன்கதவு மரம், பின்கதவு இரும்பு. இரும்புல காந்தம் சரியா வேலை செய்யாது, நடுவுல வைக்க பிளாஸ்டிக் துண்டு கேளுங்க. ஜன்னல் ஆறு, அதுல நாலு எட்டற உயரம். ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கறது ஒண்ணு போதும், ஹாலுக்கு. வெயில் அடிக்கிற ஜன்னலைப் பார்த்து வைக்கக் கூடாது."

"உங்க வீட்டுல யாராவது இந்தத் தொழில்ல இருக்காங்களா?" என்றார் கடைக்காரம்மா.

"எந்தப் பக்கம்னு கேக்கறீங்க? பூட்டற பக்கமா, திறக்கற பக்கமா?" என்றேன். சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டிக்கொடுத்தார்.

சனிக்கிழமை உட்கார்ந்து பொருத்தினோம். ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் இரண்டு துண்டுகள். ஒன்று சட்டத்தில், காந்தம் உள்ள மற்றொன்று கதவில். இரண்டுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மேனேஜர் ஸ்பிரிட்டில் துடைத்து, காயவிட்டு, ஒட்டி, அறுபது வரை எண்ணிக்கொண்டே அழுத்திப் பிடித்தாள். நான் அவசரத்தில் ஒன்றைக் கோணலாக ஒட்டியதும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். ஜன்னல்களுக்கு எண் போட்டாள். சமையலறை ஜன்னல் மூன்று.

கடைசியில் ஹால் சோதனை. திருடனாக நடிக்க யாராவது வேண்டும். என் வீட்டுக்காரர் பூனை நடை நடந்தார், இரண்டாவது அடியிலேயே சைரன் காதைக் கிழித்தது. "நகருங்க அண்ணா" என்று மேனேஜர் தரையில் குப்புறப் படுத்தாள். சோபா ஓரமாக, சுவரோடு சுவராக, நீந்துவதுபோலவே ஊர்ந்து மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தாள். சைரன் வாயைத் திறக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, தலையெல்லாம் ஒட்டடையோடு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! பிறகு கருவியை ஒரு சாண் கீழே இறக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை. என் வீட்டுக்காரருக்கு ஞாயிறும் வேலை, போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் அலாரத்தைப் போட்டுவிட்டுத் தெருக்கோடி வரை போய் வருவதென்று ஏற்பாடு. மேனேஜர் செருப்புகூடப் போட்டுக்கொண்டாள். வாசலருகே மாட்டிய அலாரப் பெட்டியில் நான் எண்களை அழுத்தினேன். பெட்டி கீச்சென்று கத்திச் சிவப்பானது. எங்காவது திறந்திருந்தால் அது பூட்டிக்கொள்ளாது. அலாரத்தோடு இணைத்திருந்த என் போனைப் பார்த்தேன். 'மூன்றாம் எண் ஜன்னல். திறந்தது 7.12. இன்னும் மூடவில்லை.'

எட்டிப் பார்த்தால் ஜன்னல் சாத்தியதுபோலத்தான் இருந்தது. கைப்பிடியை மட்டும் யாரும் கீழே தள்ளவில்லை, அதனால் இரண்டு விரல் அகலம் விலகியிருந்தது. மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பாத்தீங்களா அண்ணி, மறுபடியும் நான்தான். என்னை நம்பி வீட்டை விடக் கூடாது" என்று செருப்பைக் கழற்றினாள்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். ஏழு பன்னிரண்டுக்கு அவள் குளித்துக்கொண்டிருந்தாள். குக்கர் வைத்தது நான். ஆவி கண்ணாடியை மறைக்கும், ஜன்னலைத் தள்ளித் திறப்பேன், வேலை முடிந்ததும் ஒரு விரலால் இழுத்து விடுவேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். அன்றைக்கும் நான் சமைத்துவிட்டுத்தானே வேலைக்குப் போனேன்? கடைசியாகப் போனது யார் என்று போலீஸ்காரர் கேட்டார். கடைசியாக ஜன்னலைத் தொட்டது யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

பசை விட்டுப்போச்சு போல என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. மாதம் முடிய மூன்று நாள்தான் இருந்தது, பொய் சொன்னால் அவள் பழைய பழியோடேயே வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். விழுங்கிவிட்டேன்.

"நீ இல்ல. நான்" என்றேன். "இன்னிக்கும் நான்தான், அன்னிக்கும் நானாத்தான் இருக்கணும். குக்கர் வச்சா திறப்பேன், தாழ் போட மாட்டேன்."

போனை வாங்கி நேரத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏழு மாசம்" என்றாள். "அந்த ஜன்னலை நான் தொட்ட ஞாபகமே இல்ல அண்ணி. தொட்டுட்டு மறந்துட்டேனோன்னு ஏழு மாசமா என் கையையே நான் நம்பல. எங்கம்மா சங்கிலியை நானே தொலைச்சிட்டேன்னு அழுதேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து ஆறுதல் வேற சொன்னீங்க!"

"தப்புதான்டி. என்னை என்ன வேணா சொல்லு."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. உங்க மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல!"

செருப்பை மாட்டினாள். கதவைப் படாரென்று அறைந்துவிட்டுப் போனாள். தாழ்ப்பாளைச் சரிபார்க்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவில் அவள் விடுவிடுவென நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது. பின்னணியில் குழந்தைகளின் கூச்சலும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன.

"நாளைக்குக் காலைல முதல் பேட்ச் எனக்குன்னு சொல்லிட்டாங்க" என்றாள். குரல் விறைப்பாகத்தான் இருந்தது. "கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க."

"நினைக்கல."

"அண்ணன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."



"சாப்பாட்டுக்கு எனக்காகக் காத்திருக்க வேணாம்" என்றாள். "நான் வர நேரமாகும்."