பெட்டி பிரிக்காத மோட்டார்

சுவாமிநாதனைப் போல ஒரு சாமானை விலை பேசி வாங்கத் தெரிந்த மனிதர் மல்லசமுத்திரம் வட்டாரத்தில் இன்னொருவர் கிடையாது. விற்கிறவன் விலையைச் சொன்னதும் காது கேட்காதவர் மாதிரி வானத்தைப் பார்ப்பார். மறுபடி சொன்னால் செருப்பை மாட்டிக்கொள்வார். அதற்கப்புறம் விற்கிறவனே கையைப் பிடித்து உட்காரவைத்து விலையைக் குறைப்பான். காவிரிக் கதவணைத் தேக்கத்தில் மீன்பிடிக் குத்தகை எடுத்தபோதும் இப்படித்தான். இரண்டு ஃபைபர் படகும் இரண்டு மோட்டாரும் வாங்கப் போனவர், மூன்றாவதாக ஒரு சின்ன மோட்டாரை ஓசியிலேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அந்த மூன்றாவது மோட்டார்தான் இப்போது அத்தாயியின் வயிற்றெரிச்சல்.

அது கரையோரக் கொட்டகையில், வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே, தெர்மோகோல் மெத்தையில் மாப்பிள்ளை மாதிரி படுத்துக் கிடந்தது. பெட்டி பிரிக்காத சாமானுக்கு எப்போதும் விலை உண்டு என்பது சுவாமிநாதன் கணக்கு. பிரித்துப் படகில் மாட்டினால் மறுநாளே அது பழசு.

ஒரு படகை ஓட்டுகிறவள் அத்தாயி. நாற்பத்திரண்டு வயது. கூடப் போய் வலை விடுகிறவன் அவள் புருசன் செங்கோடன், பேச்சுக்கே காசு கேட்பவனைப் போல வாய் திறக்காத ஆள். போன புதன்கிழமை ஆகாயத்தாமரைக் கொடி விசிறியில் சுற்றி மோட்டார் நின்றுபோனது. தேக்கத்தின் அடிக்கோடியில் வரிசையாக இரும்புக் கதவுகள். மின்சாரம் எடுக்கக் கதவைத் தூக்கிவிட்டால் மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கம் இழுக்கும். மிதப்பது கட்டையா மனிதனா என்று தண்ணீர் விசாரிக்காது. செங்கோடன் துடுப்புப் போட்டே படகைக் கரை சேர்த்தான். அவன் உள்ளங்கைத் தோல் துடுப்பிலேயே தங்கிவிட்டது. இன்னொரு படகுக்காரன் மணிமாறனை அத்தாயி பதினோரு தடவை போனில் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை.

அந்த மூன்றாவது மோட்டாரைப் படகில் மாட்டச் சொல்லி அன்றைக்கிருந்து மூன்று தரம் கேட்டாயிற்று. நான்காம் தரம், திங்கட்கிழமை காலையில், கொட்டகை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க மொதலாளி, அந்த மோட்டார என்ன, தீவாளி நோம்பிக்குப் பிரிக்கறதுக்கு வெச்சிருக்கறீங்களா?"

"இத பாரு அம்மிணி," என்றார் சுவாமிநாதன், பல் குச்சியை வாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாற்றி. "இருவது வருசம் ரிக் ஓட்டுனவன் நானு. போர் போடற வண்டி ஒண்ணு, கொழா ஏத்தற லாரி ஒண்ணு, சோடியாத்தான் வடக்க போவும். ரெண்டுக்குஞ் சேத்து ஒரே ஸ்டெப்னி. ஒருத்தனுக்கு டயர் போச்சுன்னா இன்னொருத்தன் நிப்பான். ஒரு நாளாச்சும் சோலி கெட்டுதா? இங்கயும் ரெண்டு படகு. ஒண்ணு நின்னா இன்னொண்ணு கட்டி இழுத்துட்டு வருது."

"டயர் போனா வண்டி எங்கீங்க நிக்கும்?"

"ரோட்டோரத்துல."

"தண்ணியில ஓரம் எங்கீங்க இருக்குது?"

சுவாமிநாதன் வானத்தைப் பார்த்தார். விலை சொன்னவனைப் பார்க்காமல் பார்க்கும் அதே பார்வை. அத்தாயிக்கு உச்சந்தலை கொதித்தது. உயிரை விலை பேசும்போதுமா இந்த வித்தை?

"லாரி ரெண்டும் ஒரே ரோட்டுல போவுமுங்க. மீன் புடிக்கறவன் ரெண்டு பேரு ஒரே எடத்துக்குப் போவானா? அதுலயும் எச்சா மீன் கொண்டாரவனுக்கு வாரம் ரெண்டு தட்டு முட்டைன்னு நீங்கதான சொன்னீங்க? அன்னைல இருந்து மணிமாறன் எங்க வல போடறான்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியாது. எங்கள ரெண்டாப் பிரிச்சு உட்டதும் நீங்க, சேந்து போங்கன்னு சொல்றதும் நீங்க!"

செங்கோடன் இருமினான். அவன் அகராதியில் அது பெரிய பேச்சு.

"வாய்க்கு வாய் பேசாத," என்றார் சுவாமிநாதன். "புள்ளத்தனமாப் பயந்துக்கிட்டு... செரி, இன்னைக்கு நானே வாரேன். என்னதான் நடக்குதுன்னு பாக்கறேன். ஒண்ணும் ஆவலீன்னா அந்த மோட்டார் பேச்ச இனி எடுக்கப்படாது."

"ஆச்சுன்னா?"

"ஆனாப் பாத்துக்கலாம்."

அவர் ஏறியதும் படகு ஒரு பக்கம் முழங்கால் மடக்கியது. நடுப்பலகையில், லாரி கேபினில் உட்காருகிற மாதிரி ஒரு காலைத் தூக்கி வைத்து அமர்ந்தார். கரை விலகியது. மணிமாறன் படகு விடிவதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தது. எந்த வளைவுக்கு அந்தப் பக்கம் என்பது அவனுக்கும் மீனுக்கும்தான் தெரியும்.

தேக்கத்தின் நடுவே வந்ததும் அத்தாயி மோட்டாரை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்துன?"

"நிறுத்தலீங்க, டயர் போச்சுன்னு வெச்சுக்குங்க. சோடி வண்டியக் கூப்புடுங்க."

சுவாமிநாதன் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தரம் சிரிக்காமல் போட்டார். மூன்றாம் தரம் போனையே முறைத்தார்.

"மொதலாளி கூப்புட்டாக்கூட எடுக்க மாட்டானா அவன்? எம்பட படகு, எம்பட பெட்ரோலு!"

"முட்ட உங்களுதுதானுங்களே," என்றாள் அத்தாயி.

மனசு கொஞ்சம் குளிர்ந்தது அவளுக்கு. சொல்ல வந்ததைச் சொல்லியாயிற்று. வழக்கமாகப் பத்து மணிக்குத்தான் கதவைத் தூக்குவார்கள், இப்போது எட்டரை. திரும்பிப் போய்விடலாம் என்று மோட்டார்ப் பக்கம் கையை நீட்டும்போது, கதவு தூக்கப் போவதைச் சொல்லும் சங்கு ஊதியது. நேரங்கெட்ட நேரத்தில், நீளமாக ஊதியது.

செங்கோடன் எழுந்து நின்றான். படகின் பக்கவாட்டில் கிடந்த ஓர் ஆகாயத்தாமரைக் கொத்து, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, கதவுகளைப் பார்த்து மெல்ல நகர ஆரம்பித்தது. படகும் அதனோடு.

"அக்கட்டால போ!" என்று, அத்தாயி மோட்டார்க் கயிற்றைப் பிடிக்கும் முன் சுவாமிநாதன் அவளைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தார். மோட்டாரைக் கிளப்பும் கயிற்றைப் பதமாக, முதலில் கொஞ்சம் விட்டு, பிறகு சுண்டி இழுக்க வேண்டும். அவர் துளைக்கம்பியை உருவுகிற இழுப்பு ஒன்று இழுத்தார். ரிக்கு இழுத்த கை. கயிறு பிடியோடு அறுந்து அவர் கையில் வந்தது. அவர் மல்லாக்க வலைமேல் விழுந்தார்.

"அய்யோ பாவி மனுசா!" அத்தாயிக்கு முதலாளி என்பதெல்லாம் அப்போது தண்ணீரில் போயிற்று. "தெரியாத சோலியில எதுக்கய்யா கைய வெக்கற? புடி துடுப்ப!"

புண் ஆறாத கையோடு செங்கோடன் ஒரு துடுப்பைப் போட்டான். இன்னொன்றை அத்தாயி போட்டாள். ஒரு தள்ளு முன்னே போனால் இரண்டு தள்ளு பின்னே வந்தது. கதவுக்கடியில் தண்ணீர் பிளந்து விழும் சத்தம் இப்போது காதில் அல்ல, பலகையில் கேட்டது. சுவாமிநாதன் மீன் அள்ளும் தட்டை எடுத்துத் தண்ணீரை வாரினார். துடுப்புப் போடுவதாக நினைப்பு. ஒவ்வொரு தள்ளுக்கும் அத்தாயிக்குப் பயத்தைவிடக் கோபம்தான் மூச்சுக் கொடுத்தது. அந்தப் பெட்டி மட்டும் இங்கே கிடந்தால்! ஒரே சுண்டு, கிளம்பிப் போய்விடலாம். கொட்டகையில் மெத்தையில் தூங்குகிறது சனியன். இங்கே மூன்று பேர் சாகப் போகிறோம், அதன் மேல் ஒரு கீறல் விழாமல்.

தேக்கத்தில் மூழ்கிப் பட்டுப்போன கருவேல மரங்கள் இடக்கரை ஓரம் நான்கைந்து நின்றன. படகைக் குறுக்கே வெட்டி அங்கே கொண்டுபோனாள். செங்கோடன் கிளையைப் பிடித்தான். சுவாமிநாதன் அடிமரத்தையே கட்டிக்கொண்டார், முள்ளோடு. கட்டிய வேகத்துக்கு அது அவர் சம்சாரமாக இருந்திருந்தால் ஊரே பேசியிருக்கும்.

அரைமணி நேரம் கழித்து மணிமாறன் வந்தான். படகு நிறைய கட்லா மீன். "போனு சைலண்ட்ல இருந்துதுங்க," என்றான், மரத்தில் முதலாளியைப் பார்த்து வாயைப் பிளந்தபடி.

அவன் கட்டி இழுத்து வந்து, கரையில் கால் பட்டதும் சுவாமிநாதனுக்கு மறுபடி முதலாளித்தனம் வந்துவிட்டது. சட்டையில் ஒடிந்திருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "ஓடற மோட்டார ஆப் பண்ணுனது நீ. இதுல மோட்டார் மேல என்ன தப்பு?"

அத்தாயி துடுப்பை மணலில் எறிந்தாள். "ஆப் பண்ணுனது நானு. ஒத்துக்கறேன். கயித்த அத்தது ஆரு? சங்க முன்னாலயே ஊதுனது ஆரு? போன எடுக்காதது ஆரு? நாளைக்கி இதுல எது வேணா தன்னப்போல நடக்குமுங்க. அப்ப நீங்க படகுல இருக்க மாட்டீங்க. நாங்கதான் இருப்போம்."

"செரி செரி. கதவு தூக்கற நாளைக்கு மட்டும் எடுத்துட்டுப் போ."

"அத முன்னாலயே சொல்லிட்டா தூக்கறாங்க?"

"உம்பட படகுக்கு மட்டும் வெச்சுக்க, போ."

அவள் கொட்டகைக்குள் போய்ப் பெட்டியை மீன் வெட்டும் கத்தியால் கிழித்தாள். மோட்டாரைத் தூக்கி வந்து படகின் பின்பலகையில் மாட்டினாள். தனி கேனில் பெட்ரோல் ஊற்றி வைத்தாள். சுவாமிநாதன் ஒவ்வொரு கிழிசலுக்கும் பல்லைக் கடித்தார். ஆனால் அத்தாயி படகை எடுக்கவில்லை. மணிமாறன் படகின் கயிற்றையும் அவிழ்த்து, அதைக் கரைமேல் இழுக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, எனக்கெதுக்கு?" என்றான் மணிமாறன். "நா நல்லா நீந்துவேன். இன்னும் ஒரு வல கெடக்குது."

"நீந்துவியா? கதவுக்கு அந்தப் பக்கம் போயி நீந்து. நாளைக்கி நீ கூப்புட்டா நானும் சைலண்ட்ல போட்டுக்கறேன், பரவால்லியா?"

அவன் தன் படகிலிருந்த மீனைப் பார்த்தான். கருவேல மரத்தைப் பார்த்தான். பிறகு வந்து படகின் இன்னொரு விளிம்பைப் பிடித்தான். செங்கோடனும் பிடித்தான். படகு மணலில் ஏறி உட்கார்ந்தது.

"இன்னொரு மோட்டார் வந்தாத்தானுங்க ரெண்டு படகும் எறங்கும்," என்றாள்.

சேலத்துக்கு மீன் ஏற்றிப் போகும் வேன் அதற்குள் வந்து நின்று ஹாரன் அடித்தது. வண்டி பாதிதான் நிறையும். அதன் பின்கதவிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுவாமிநாதன் சூரமங்கலத்து மோட்டார்க் கடைக்காரனுக்குப் போன் போட்டார். அவன் விலை சொன்னதும் பழக்கத்தில் வானத்தைப் பார்த்தார்.

"குறைக்கச் சொல்லிப் பேசீட்டிருக்கேன் அம்மிணி, ரெண்டு நாளு ஆவும். அதுக்குள்ள நீங்க ஒரு நடை போயிட்டு வாங்க. வண்டியில ஐஸ் கரையுது பாரு."

அத்தாயி கரையேற்றிய படகின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"கரையட்டுமுங்க," என்றாள்.