சிவப்பு வாளிகள்

வெள்ளை வேன் ஏரிக்கரையில் திரும்பியதுமே ஊர் ஆண்கள் ஓட ஆரம்பித்தார்கள்.

எல்லாருக்கும் முந்தி ஓடியவர் பெருமாள். அதுதான் வேடிக்கை. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரே நிற்பது யார் என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்கிற ஆசாமி அவர். வேட்டியை மடித்துக் கட்டினார், வரப்பில் தடுக்கி விழுந்தார், எழுந்தார், கரும்புத் தோட்டத்துக்குள் பாய்ந்தார். அவர் பின்னாலேயே பாதி ஊர்.

பள்ளிக்கூட வாசலில் நின்ற கனகாவின் வாயிலிருந்து விசில் நழுவியது.

கனகா மாதர் சங்கத் தலைவி. போன வருஷம் உத்திரமேரூர் யூனியன் ஆபீசில் தலைமைப் பயிற்சி என்று ஒன்று நடத்தினார்கள். அதற்குப் போனவள் கழுத்தில் ஒரு விசிலோடு திரும்பினாள். அன்றிலிருந்து சங்கத்தில் பாய் விரிப்பதும் அவள்தான், தீர்மானம் போடுவதும் அவள்தான். மற்றவர்களுக்குக் கை தட்டுகிற வேலை. இந்தக் கண் முகாமும் அவள் ஒருத்தியாகக் காஞ்சிபுரத்துக்கு நடையாய் நடந்து வரவழைத்தது.

வேனிலிருந்து இறங்கிய இளம் டாக்டர் காலிப் பந்தலைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை.

"என்னம்மா, ஊர்ல யாருமே இல்லையா? வாலாஜாபாத்துல ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க. பன்னிரண்டு மணி வரைக்கும் பார்ப்போம். அப்புறம் கிளம்பிடுவோம்."

முனியம்மாளின் முகம் சுண்டிப் போயிற்று. சங்கத்து உறுப்பினர். பெருமாளின் மனைவி.

"இன்னிக்கு உட்டா அந்த மனுசன் ஆசுபத்திரி வாசப்படி மிதிக்க மாட்டாருக்கா. தை மாசம் பொண்ணு கல்யாணம். மாப்ளை மூஞ்சியக் கூட இன்னும் பாக்கல."

"நான் பாத்துக்கிறேன்!" என்றாள் கனகா. அவள் எப்போதும் சொல்கிற வார்த்தை.

கரும்புத் தோட்டத்து ஓரம் போய் நின்று விசிலை ஊதினாள்.

"எல்லாரும் வெளிய வாங்க! யாரையும் புடிச்சிக்கினு போக மாட்டாங்க! ஆபரேசன் கூட இன்னிக்கு இல்ல, நாளைக்குத்தான்!"

தோட்டம் சலசலத்தது. சத்தம் இன்னும் உள்ளே நகர்ந்து போனது.

திரும்பி வந்தால் சொக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவளும் சங்கத்துக்காரிதான்.

"இன்னாடி சிரிப்பு? வயிறு எரியுது எனக்கு."

"இந்த வாளிங்கள யாருக்கா வாங்கியாரச் சொன்னது?"

வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் வாளிகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. பளபளவென்று, புத்தம் புதுசாக. முந்தின நாள் கனகா தானே பஜாருக்குப் போய் வாங்கி வந்தவை.

"மூஞ்சி களுவத்தான். கண்ணைக் காட்றதுக்கு முன்ன சுத்தமா..."

"வெள்ளை வேனு. பந்தலு. படுதா. செவப்பு வாளி. போன வருசம் ஆம்பளைங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ண வந்தப்ப இதே எடம், இதே மாதிரி படுதா. ஆபரேசன் பண்ணிக்கினவங்களுக்கு ஆளுக்கொரு செவப்பு வாளி குடுத்து அனுப்சாங்களே, மறந்துட்டியா? எந்த ஆம்பள கிட்ட வருவான்?"

கனகா வாளிக் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாமில்லடி?"

"நீ எங்க எங்களைக் கேட்ட?"

வேன் டிரைவர் பீடியை அணைத்துவிட்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"இப்ப இன்னா பண்லாம்? நீங்களே சொல்லுங்க" என்றாள் கனகா.

சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கேட்காத கேள்வி. ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள். பழக்கதோஷத்தில் கனகாவின் கை விசிலுக்குப் போனது. முனியம்மாள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"நீ இப்டி ஓரமா குந்துக்கா. இன்னா ஆனாலும் எய்ந்துக்காத."

கனகா உட்கார்ந்தாள்.

சொக்கம்மாள் படுதாவை அவிழ்த்து எறிந்தாள். இரண்டு பேர் வாளிகளை வகுப்பறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். டாக்டரின் மேஜை புளியமரத்தடிக்குப் போனது. கரும்புத் தோட்டத்துக்கு நேர் எதிரே. பெஞ்சைக் கோணலாகப் போட்டார்கள். கனகா பாதி எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

முனியம்மாள் ஊரிலேயே மூத்த சிட்டம்மாளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தாள். தோட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"நல்லா பாத்துக்கங்க! சிட்டம்மா குந்திகினு கீது! இந்த வயசுல இதுக்கு இன்னா குடும்பக் கட்டுப்பாடு?"

கரும்புக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அடிப்பாவி!" என்றாள் சிட்டம்மாள். "டாக்டரு என் கண்ணைப் பாக்க வந்தாரா, வயசைப் பாக்க வந்தாரா?"

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். முடிந்தது. சிட்டம்மாள் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"ஒன்னியும் அறுக்கலடா!"

ஒரு தலை வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு பெஞ்சில் இடத்துக்கு அடிதடி. ஆனால் பெருமாள் வரவில்லை.

மணி பன்னிரண்டை நெருங்கியது. கனகாவின் விசில் உதடு வரை வந்தது. முனியம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். விசில் இறங்கியது.

முனியம்மாள் தோட்டத்து ஓரம் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். கத்தவில்லை.

"யோவ். மாப்ளைக்கு மூக்கு கோணல்னு டீக்கடையில சொல்லி உன்ன பேஜார் பண்றாங்களே. நெஜமா?"

உள்ளிருந்து உடனே குரல்: "நீதான் பாத்தியே, சொல்லேன்மே! கோணலா, நேரா?"

"நான் சொல்ல மாட்டேன். கண்ணாலத்தன்னிக்கு நீயே பாத்துக்க. இல்லாட்டி அங்கயே கரும்பக் கடிச்சிக்கினு கெட."

பிறகு கரும்பு விலகியது. தலைமுடியெல்லாம் காய்ந்த கரும்புச் சோகை ஒட்டியிருக்க, பெருமாள் மனைவியின் குரலைக் குறிவைத்து நடந்து வந்தார்.

டாக்டர் பார்த்தார். "நல்லா முத்தின புரை. எடுத்துடலாம் பெரியவரே. பார்வை திரும்பிடும். நாளைக்கு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். ஏறுங்க வேன்ல."

வேன் நிறைந்துவிட்டது. முனியம்மாள் புருஷன் பக்கத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தாள். வண்டி உறுமியபோது பெருமாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தலைவரம்மா! வாளி குடுக்கறாங்கன்னு பேசிக்கினாங்களே. எனக்கு இல்லியா?"

கனகா வாயைத் திறந்தாள். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"அத்த நான் எப்டி சொல்றது? சங்கத்தைத்தான் கேக்கணும்."